குப்பியில் சுமந்த ஊர்

‘மோ’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் நாயகன் மோ நஜ்ஜார், எங்கு சென்றாலும் ஒரு சிறு குப்பியில் ஸைத்தூன் எண்ணெயை உடன் கொண்டு செல்கிறான். எந்த ஊரின் உணவானாலும் அதில் சில துளிகள் விட்டே உண்கிறான். பேரங்காடியில் ஒரு பெண் சாக்லேட் கலந்த ஹம்முஸை நீட்டும்போது, தன் குலத்தையே இழிவுபடுத்திவிட்டதுபோல் கொதிக்கிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் அவன் கையில் எஞ்சியிருக்கும் தாயகம் இந்தச் சுவை மட்டுமே என்பது விளங்கும்போது, அச்சிரிப்பின் நிறம் மாறிவிடுகிறது.

குவைத்தில் பிறந்த ஃபலஸ்தீனரான முஹம்மது ஆமர், ராமி யூசுஃபுடன் இணைந்து உருவாக்கிய தொடர் இது. 2022 ஆகஸ்டில் எட்டும் 2025 ஜனவரியில் எட்டுமாகப் பதினாறு பகுதிகள் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தன. வளைகுடாப் போர்க் காலத்தில் சிறுவனாக ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்து, 2009இல்தான் குடியுரிமை பெற்றவர் ஆமர். அவருடைய அந்த நீண்ட காத்திருப்பே தொடரின் முதுகெலும்பு. கதைக்குள் நஜ்ஜார் குடும்பத்தின் புகலிட வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முடிவின்றி இழுபடுகிறது.

மோ காதலிக்கும் மரியா, மெக்சிக்க வம்சாவளிக் கத்தோலிக்கப் பெண். வாகனப் பழுதுநீக்கும் பட்டறை நடத்துபவள். மோவின் தாய் யுஸ்ராவால் அவளை மருமகளாக ஏற்க இயலவில்லை. இங்கே நம் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேதம் அருளப்பட்டோரின் கற்புள்ள பெண்களை முஸ்லிம் ஆண் மணக்க அல்மாயிதா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் அனுமதிக்கிறது. வேற்று நாட்டுச் சூழலில் இத்தகைய மணத்தைப் பெரும்பாலான ஃபுகஹாக்கள் விரும்பவில்லை என்பது வேறு செய்தி. நிக்காஹ் இன்றித் தொடரும் உறவே மார்க்கத்தின் பார்வையில் முதற் கேள்வி. தொடர் அக்கேள்வியை லேசாகக் கடந்துவிடுகிறது. இது என் குறை. ஆயினும் யுஸ்ராவின் மறுப்பு ஃபிக்ஹிலிருந்து பிறந்ததன்று. ஊரை இழந்தவருக்குப் பேரக்குழந்தைகளின் நாவில் அரபு நிலைக்க வேண்டும். இல்லையேல் புரீன் என்ற கிராமத்தின் பெயரைச் சொல்லவும் ஆளிராது. மார்க்கத்தின் பெயரால் பேசப்படுவது உண்மையில் நினைவைக் காக்கும் பதற்றம். நடிகை ஃபரா பஸய்ஸோ அதை அதிகம் பேசாமலே உணர்த்துகிறார். நம் வீடுகளிலும் எத்தனை மறுப்புகள் இப்படி மார்க்கத்தின் ஆடையை அணிந்து வருகின்றன!

காதலுக்குத் தடை தாய் மட்டுமல்லர். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாதவன் ஒரு பெண்ணுக்கு என்ன வாக்குறுதி அளிக்க முடியும்? மணம் என்பது மீஸாக், உறுதியான உடன்படிக்கை. தன் இருப்புக்கே அத்தாட்சி இல்லாதவன் உடன்படிக்கை செய்யத் தயங்குகிறான். அத்தயக்கத்தை அவன் வாய்ச்சாலத்தால் மூடி மறைக்கிறான். முதற் பருவத்தின் முடிவில் களவுபோன ஸைத்தூன் மரங்களைத் தேடிச் சென்று, எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோவில் சிக்கிக்கொள்கிறான். மரியாவின் வேர்கள் உள்ள மண்ணே அவனுக்குச் சிறையாகிறது. அவன் மீண்டு வருவதற்குள் மரியா வேறொருவருடன் பழகத் தொடங்கியிருக்கிறாள். அவர் ஓர் இஸ்ரேலியச் சமையற்கலைஞர்! இது கதாசிரியரின் கை தெரியும் தற்செயல்தான். ஆனால் நிலத்தைப் பற்றிய வழக்கு உணவு மேசையில் வெடிக்கும்போது, அத்தற்செயலை மன்னிக்கத் தோன்றுகிறது. அதற்கு முந்தைய மல்யுத்தக் காட்சிகளை அப்படி மன்னிக்க என்னால் இயலவில்லை.

தந்தை குவைத்தில் சித்திரவதைக்கு ஆளானவர் என்பது வழக்கின் பொருட்டே மகனுக்குத் தெரியவருகிறது. அவனுடைய துயரம் பள்ளிவாசலைத் தேடவில்லை. மரியாவின் தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் சென்று அமர்கிறது. தவ்பாவுக்கு இடையாள் வேண்டாம் என்று அறிந்தவன் அவன். பாரத்தை இறக்கிவைக்க ஒரு செவி தேவைப்படுகிறது, அவ்வளவே. அப்படியொரு செவியை நம் ஜமாஅத்துகள் அவனைப் போன்ற இளைஞனுக்கு வைத்திருக்கின்றனவா என்று அக்காட்சியின்போது எண்ணாமலிருக்க முடியவில்லை.

இறுதிப் பகுதியில் குடும்பம் புரீனுக்குச் செல்கிறது. நாப்லுஸுக்குத் தெற்கே, குடியேற்றங்கள் சூழ்ந்த உண்மையான கிராமம் அது. அதன் ஸைத்தூன் தோட்டங்கள் குடியேறிகளின் தாக்குதல்களுக்குப் பலமுறை இலக்கானவை. குப்பியில் சுமந்த ஊர் அங்கே மரமாகவும் கல்லாகவும் உறவினரின் தழுவலாகவும் எதிரே நிற்கிறது. அலீஃப் புறநகரின் தெருக்களில் ஆங்கிலம், ஸ்பானியம், அரபு என மூன்று மொழிகளிலும் பேசிப்பேசியே தப்பித்து வந்தவனுடைய நா, சோதனைச் சாவடியின் துப்பாக்கிக்கு முன் பயனற்றுப் போகிறது. கதையின் நாட்காட்டி 2023 அக்டோபர் 7க்கு முந்தைய நாளில் நின்றுவிடுகிறது. மறுநாளைத் தொடர் காட்டவில்லை. அம்மனிதர்களுக்கு அந்நாள் இன்னும் விடியவில்லை.