தைத்த வாய்

'அண்ணாமலை' பார்க்காதவர் உங்களில் யார்? 1992-ல் வந்த படம். விடுதிக்குள் நுழைந்த பால்காரர் ரஜினி மேல் ஒரு பாம்பு ஊரும். அவர் பயத்தில் உறைந்து நிற்பார். தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

அந்தக் காட்சி பற்றி இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா பின்னாளில் ஒரு சங்கதி சொன்னார். ஷூட்டிங் முடிந்த பிறகுதான் தெரிந்ததாம், பாம்பின் வாயைத் தைக்க மறந்துவிட்டார்கள் என்று! 'அடேயப்பா, ரஜினி தப்பிச்சாரே' என்று நாம் வியந்தோம். நியாயம்தான். ஆனால், அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். மறந்துவிட்டார்கள். அப்படியானால், மறக்காத நாட்களில்?

காதர்பேட்டையில் ஒரு பனியன் எடுத்தால்கூட தோள் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுகிறோம். இந்தத் தையலை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பாம்பு கத்தாது. அழாது. பல நாள் பட்டினி கிடந்தாலும் உயிரோடு இருக்கும். அதன் சாபமே அதுதான். வாயைத் தைத்தால் புண் வரும், சீழ் பிடிக்கும், இரை விழுங்க முடியாது. போதாக்குறைக்கு, அதன் உடம்பு சூட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளாது. நிழல் தேடி நகர்ந்தாக வேண்டும். ஷூட்டிங் விளக்குக்குக் கீழே நிழலுக்கு எங்கே போகும்?

நம் சினிமாவுக்குத் தெரிந்த பாம்பு இரண்டே வகை. 'வெள்ளிக்கிழமை விரதம்' (1974) காட்டிய சாமி. 'நீயா?' (1979) காட்டிய பழிகாரி. பசிக்கிற, வலிக்கிற ஒரு சாதாரண பிராணி எந்தக் கதையிலும் இல்லை. சாமி என்றால் பால் வார்க்கிறோம். பால் பாம்புக்கு உணவே இல்லை, சார். தாகத்தில் தவிக்கிற பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். அதைப் பார்த்துத்தான் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. விலங்குகளை நடிக்கவைக்கப் பதிவு வேண்டும் என்று 2001-ல் விதிகளும் வந்தன. பலன், 2020-ல் தெரிந்தது. 'ஈஸ்வரன்' படத்துக்காக சிம்பு பாம்பு பிடிக்கும் காட்சி வெளியானதும் புகார் கிளம்ப, 'அது பிளாஸ்டிக் பாம்பு' என்று படக்குழு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 1992-க்கும் 2020-க்கும் இடையே நடந்த நல்ல காரியம் இது.

கிராஃபிக்ஸ் பாம்பு பொம்மை மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்கிறோம். இருந்துவிட்டுப் போகட்டுமே. பொம்மைக்கு வலிக்காது.

ஞாயிற்றுக்கிழமை டி.வி-யில் பழைய பாம்புப் படம் ஓடினால் ஒன்று செய்யுங்கள். ஹீரோ முகத்தை விட்டுவிட்டு, பாம்பின் வாயைப் பாருங்கள்.