தடை விடையாகுமா?

முல்லைப் பெரியாறு பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் நடுநிலையோடு பேச முடியுமா என்று கேட்போர் உண்டு. முடியாது, முடியும் என்று நாம் சாதிக்கவும் இல்லை. கூடலூரிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் நெற்கதிர் தலைசாய்வது அந்த அணையின் தண்ணீரால். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டத்து மக்களின் உலையில் கொதிப்பது அந்தத் தண்ணீர். எனவே நாம் உரிமையின் பக்கம் நின்றே பேசுகிறோம். ஆனால், தோழர்களே, நமக்கு இருப்பது தண்ணீர் உரிமை ஒன்று மட்டுமல்ல. கருத்துரிமை என்றும் ஒன்று உண்டு. அதைத் தர மறுத்தவர்களோடு மல்லுக்கு நின்று, சிறை புகுந்து, நம் முன்னோர் தேடித் தந்த செல்வம் அது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடலாமா என்பதே நம் கேள்வி.

2011 நவம்பரில் 'டேம் 999' என்றொரு படம் வந்தது. இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த சோஹன் ராய். கதையில் அணை உடைகிறது, ஊர் அழிகிறது. 1975-ல் சீன நாட்டில் உடைந்த பாங்கியாவ் அணையை நினைவூட்டும் படம் இது என்றார் அவர். ஆனால், முல்லைப் பெரியாற்றுக்காக 1886-ல் திருவிதாங்கூர் மன்னர் எழுதித் தந்த குத்தகை 999 ஆண்டுகளுக்கு. தலைப்பிலே அந்த எண் நிற்கும்போது, எந்த அணையைக் குறிவைக்கிறார் என்பது நமக்குப் புரியாதா? புரிந்தது. கொதித்தோம். கொதித்ததில் குற்றமில்லை. நாடாளுமன்றத்திலே தமிழகத்தின் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றிக் குரலெழுப்பினர். திரையரங்கு உரிமையாளர்கள் திரையிட மாட்டோம் என்றனர். அன்றைய தமிழக அரசு தடை விதித்தது. எங்கும் கைதட்டல்!

அந்தக் கைதட்டலைத்தான் ஆராய வேண்டும் என்கிறோம்.

தடை என்றால் என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1946-ல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' இயற்றினார். கம்பன் காவியத்துக்குப் பதில் காவியம், பாட்டுக்குப் பாட்டு! மறுக்க விரும்பியவர்கள் இன்னொரு காவியம் படைத்திருக்கலாம். படைத்தார்களா? இல்லை. 1948-ல் சர்க்கார் அதற்குத் தடை போட்டது. அந்தப் பூட்டு 1971-ல், கலைஞர் ஆட்சியில்தான் திறக்கப்பட்டது. 1950-ல் 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணாவுக்கு 700 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 6 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றார். 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் அதே ஆண்டில் தண்டிக்கப்பட்டார். 1954-ல் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் வந்தது. அதன் குறி எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம்.

அன்று அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? "மனம் புண்படுகிறது", "அமைதி கெடும்", "மக்கள் கொந்தளிப்பர்" என்றார்கள். 2011-ல் நாம் என்ன காரணம் சொன்னோம்? அதே மூன்று! நம்மைச் சிறையிலடைக்க உதவிய சாவியை, நாமே வார்த்துக் கொடுக்கலாமா?

இதன் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1943-ல் கம்பராமாயணம் பற்றிச் சொற்போர் நடந்தது. கொளுத்தத் தக்கது என்று அண்ணா வாதாடினார். சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்த்து வாதாடினர். அந்தத் தமிழறிஞர்கள் அண்ணாவின் வாயைக் கட்டுங்கள் என்று சர்க்காரிடம் மனுக் கொடுக்கவில்லை. மேடையேறிப் பதில் தந்தார்கள். அது மாற்றார்க்கும் பெருமை, நமக்கும் பெருமை.

"இலக்கியம் வேறு, தண்ணீர் வேறு. தண்ணீர் உயிர்ப் பிரச்சினை ஐயா!" என்பார்கள். சரி. இட ஒதுக்கீடு உயிர்ப் பிரச்சினை இல்லையா? சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைத் தாக்கி 1987-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் எடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை நீக்கியது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படம் வெளிவந்தது, தேசிய விருதும் பெற்றது. இட ஒதுக்கீடு செத்ததா? 1994-ல் 69 விழுக்காட்டுச் சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலே ஏறியது! ஒரு படம் ஓடியதால் சமூகநீதி சாயவில்லை. வேர் உள்ள மரம் காற்றுக்கு அஞ்சுவதில்லை.

இனி, தடை சாதித்தது என்ன? படம் கேரளத்தில் ஓடியது. அங்கே அச்சம் கொண்டவன் பார்த்தான். இங்கே அந்த அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் பார்க்கவில்லை. அமைதியாவது நிலைத்ததா? தடை வந்த மறுமாதமே, 2011 டிசம்பரில், எல்லை கொதித்தது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு மலையிறங்கினர். பள்ளத்தாக்கு மக்கள் குமுளியை நோக்கித் திரண்டனர். பூட்டு படத்துக்குப் போடப்பட்டது, பகைக்குப் போடப்படவில்லை.

பூட்டுக்குப் பதிலாக நாம் தந்திருக்கக் கூடியது விமர்சனம். பாங்கியாவ் மண்ணால் எழுப்பிய அணை. 1975 ஆகஸ்டில் சூறாவளி கொணர்ந்த பேய்மழையில் வெள்ளம் அணைக்கு மேலேறி வழிந்து அரித்தது. முல்லைப் பெரியாறு, 1895-ல் பென்னிகுயிக் முடித்த கல்லணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டி, தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்பது. 1979-ல் அச்சம் கிளம்பியபோது நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். பிறகு மேலே கான்கிரீட் கவசம், உள்ளே எஃகுக் கம்பி நங்கூரம், பின்னே கான்கிரீட் முட்டு என்று வலுப்படுத்தினார்கள். மண்ணையும் கல்லையும் ஒன்றென்று காட்டும் கதையை இந்த நான்கு வரியால் பிளந்திருக்கலாம். அதை மலையாளத்திலும் அச்சிட்டு இடுக்கி மக்கள் கையில் கொடுத்திருக்கலாம். அணைக்குக் கீழே வாழ்பவனின் அச்சம் பொய்யன்று; அச்சத்துக்குச் சொல்லப்பட்ட காரணமே பொய். காரணத்தை மறுக்கலாம், அஞ்சுகிறவனைப் பகைவனாக்கக் கூடாது.

இறுதியில் வென்றது எது? ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து, அணை பாதுகாப்பாக உள்ளதென்று 2012-ல் அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதைத் தடுக்கக் கேரளம் இயற்றிய சட்டம் செல்லாது என்றது. அந்த ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர் 142 அடியைத் தொட்டது. அந்த அடிகளை ஏற்றியது ஆதாரம். தடையுத்தரவு ஓர் அங்குலமும் ஏற்றவில்லை!

ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. 2025-ல் 'எம்புரான்' படம் வந்தபோது, அதிலே அணை பற்றி வரும் காட்சிகளை நீக்கச் சொல்லிக் கம்பத்தில் மீண்டும் முழக்கம் எழுந்தது. உழவர்கள் வீதிக்கு வந்து கண்டித்தது அவர்தம் உரிமை. கண்டனமும் கருத்துரிமையின் பிள்ளைதான். "நீ சொன்னது பொய்" என்பது கண்டனம். "நீ சொல்லவே கூடாது" என்பது தடை. வன்முறையைத் தூண்டினால் அதற்குச் சட்டம் உண்டு. பொய்க்கு மருந்து சட்டமன்று, உண்மை.

எழுதுபவனுக்கு உரிமை உண்டு என்றால், படிப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் அதே அளவு உரிமை உண்டு, கடமையும் உண்டு. திட்டுவது எளிது, திருத்துவது கடினம். படிக்காமலே பழிப்பதும், பார்க்காமலே பதறுவதும் பக்தனுக்குப் பொருந்தலாம், பகுத்தறிவாளனுக்குப் பொருந்தாது. எதையும் ஏன், எப்படி என்று கேள் என்று கற்பித்த இயக்கம், கேட்கவே விடாதே என்று சொல்லத் தொடங்கினால் அதன் பெயர் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, இளந்தோழர்களே! நாளை இன்னொரு படம் வரும். இன்னொரு நூல் வரும். நம் நெஞ்சைச் சுடும். அப்போது மனு எழுதக் காகிதம் தேடாதீர்கள். மறுப்பு எழுதத் தேடுங்கள். படிப்பகந்தோறும் அணையின் வரலாறும் கணக்கும் இருக்கட்டும். உண்மை நம் பக்கம் இருக்கும்போது, எதிரியின் வாயைப் பூட்ட நமக்கென்ன அவசியம்? அவன் பேசட்டும். அவன் பேசி முடித்ததும், எழுந்து நின்று பதில் சொல்லும் ஆற்றலை நாம் வளர்ப்போம்.