பாடியைத் தூக்கும் அவசரம்

பிரிட்டனில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘பாடி ஆஃப் ரெஸ்டோரேஷன்’ என்ற பட்டம் உட்கார்ந்துவிடுகிறது. காரின் பாடியை அடித்தட்டிலிருந்து முழுசாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே சீர்செய்து, மறுபடி பூட்டியிருக்கிறார்களாம். கண்காட்சிகளில் காருக்கு அடியில் கண்ணாடி விரித்துப் பளபளக்கும் அடிவயிற்றைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். அளவுச்சட்டமும் அனுபவமும் உள்ள பட்டறை இதைச் செய்தால் எனக்குப் பேச்சில்லை. ஆனால் ஒரு கார் நுழைந்தாலே மூச்சு முட்டும் வீட்டுக் கராஜில், நாலு நண்பர்களையும் இரண்டு மரத் தாங்கிகளையும் நம்பிப் பாடியைத் தூக்குவதுதான் ஒழுங்கான வேலை, தூக்காமல் செய்வதெல்லாம் ஒப்பேற்றல் என்று ஒரு நினைப்பு வேரூன்றிவிட்டது. பல பீட்டில்களைக் கெடுத்தது துரு அல்ல, இந்த நினைப்புதான் என்பது என் நெடுநாள் கட்சி.

பாடியைத் தூக்குவதில் உள்ள நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடி மேலே இருக்கும்வரை கை போகாத இடங்கள் பீட்டிலில் உண்டு. பாடியும் தட்டும் சேரும் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை அமுங்கிக் கிடக்கிறது. அதன் கீழே தங்கும் ஈரம் தட்டின் ஓரத்தை அரிக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் வலப்பக்கம் பேட்டரி இருப்பதால், சிந்திய அமிலம் அந்த மூலையையே ஓட்டையாக்கிவிடுகிறது. தட்டைத் தனியே எடுத்துத் திருப்பிப் போட்டு வெல்டிங் செய்வது, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து முகத்தில் பொறி விழச் செய்வதைவிட எவ்வளவோ பத்திரம். பிரேக் குழாய்களை நிம்மதியாக மாற்றலாம். தட்டின் நடுவே ஓடும் முதுகெலும்புக் குழாயைச் சுற்றிலும் சுத்தம் செய்யலாம். இவை எல்லாம் உண்மைதான்.

பாடியைத் தூக்குபவர்கள் முன்வைக்கும் பெரிய வாதம் வேறு. “தொழிற்சாலையே போல்ட் போட்டுத்தானே பூட்டியது? போல்ட் போட்டதைக் கழற்றுவதில் என்ன தப்பு?” என்கிறார்கள். கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்க விளிம்பிலும் வரிசையாகப் பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு அடங்கும் போல்ட்டுகள், முன்னால் பெட்ரோல் டாங்கிக்குக் கீழே இரண்டு பெரியவை, பின்னால் ஷாக் அப்சார்பர் தாங்கிகளின் உச்சியில் இரண்டு, பின்சீட்டுப் பக்கம் இன்னும் சில. எல்லாம் சேர்ந்து முப்பது சொச்சம். ஸ்டியரிங் தண்டையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் ஒயர்களையும் பிரித்துவிட்டால், கதவும் கண்ணாடியும் இல்லாத பாடியை ஆறு பேர் தூக்கிவிடலாம். ஒரு சனிக்கிழமை வேலை. இந்தச் சுலபம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் தட்டின்மேல் இறங்கிய பாடி எப்படிப்பட்டது? புதுத் தகடு. அளவுச்சட்டத்தில் பூட்டி, வெல்டிங் முடித்து, தன் வடிவத்தைத் தானே தாங்கும் நிலையில் வந்த பாடி. கீழே காத்திருந்த தட்டும் அப்படியே. நேரான இரண்டு பொருள்களைப் போல்ட் இணைத்தது. நம் கராஜில் ஏறுகிற பாடிக்கு அறுபது வயது. அதன் கீழ்விளிம்பு ஏற்கெனவே பாதி இல்லை. அதை இத்தனை நாள் நேராகப் பிடித்துவைத்திருந்தது அந்தத் தட்டு, தட்டை நேராகப் பிடித்துவைத்திருந்தது பாடி. போல்ட் போட்ட பிறகு இரண்டும் ஒரே கட்டுமானம். லாரியின் சேஸிஸ் போலத் தனியே சுமை தாங்கும் சட்டம் அல்ல பீட்டிலின் தட்டு. நடுக்குழாயும் இரண்டு பக்கம் ஒட்டிய மெல்லிய தகடும்தான் அது. மூடியைக் கழற்றிய அட்டைப்பெட்டி முறுக்கினால் எப்படி முறுகுமோ, பாடி இல்லாத தட்டும் அப்படியே.

வெற்றுத் தட்டையே ஓட்டலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஓட்டலாம். புரூஸ் மேயர்ஸ் 1964-இல் உருவாக்கிய மேயர்ஸ் மாங்க்ஸ் பக்கி பிறகு சுருக்கிய பீட்டில் தட்டின்மேல்தான் விற்பனைக்குப் போனது. ஆனால் அதன்மேல் உட்கார்ந்தது கதவே இல்லாத இலேசான ஃபைபர்கிளாஸ் தொட்டி. கதவு இல்லாத வண்டிக்குக் கதவு இடுக்கில் பிரச்சினை வராது. பாடி எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆஸ்னாபுரூக்கில் கார்மன் நிறுவனம் கட்டிய திறந்த கூரை பீட்டிலைக் குனிந்து பாருங்கள். கூரையை வெட்டியதும் போன வலிமையை ஈடுகட்ட, இரண்டு பக்க விளிம்புக்கும் அடியில் தடித்த இரும்புச் சட்டம் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். தட்டே போதுமானதாக இருந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை.

எல்லாக் கேடும் வந்து சேரும் இடம் ஹீட்டர் சேனல். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டி வடிவத் தகடு அது. பின்னால் இருக்கும் எஞ்சினின் சூட்டை வாங்கிய காற்று இதற்குள் ஓடி, முன்னால் இருப்பவரின் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் போகிறது. காற்றுக்குழாய் மட்டும் அல்ல, பாடியின் முதுகுச் சுமை முழுவதும் இதன்மேல்தான். கதவுக்கு முன்னால் உள்ள தூணும் பின்னால் உள்ள தூணும் இதில்தான் ஊன்றி நிற்கின்றன. தட்டோடு பூட்டும் போல்ட்டுகளின் நட்டுகளும் இதற்குள்தான் சிறைப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். போல்ட்டைத் திருகும்போது கை கனமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், நட்டைப் பிடித்திருந்த தகடு போய்விட்டது என்று அர்த்தம். பாடியை எதற்காகப் பிரிக்கிறார்களோ அந்த ஹீட்டர் சேனல்தான், பிரிக்கக் கூடாததற்கும் காரணம்.

ஏனென்றால் பாடியைத் தூக்கியதும் எதன்மேல் வைக்கிறார்கள்? குறுக்கே மரக்கட்டை போட்டு, அதன்மேல் அந்த ஹீட்டர் சேனல்களே உட்காரும்படி. கூரை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றின் பாரமும் அழுகிய தகட்டில் இறங்குகிறது. அங்கே ஒரு வாரம் இருந்தாலும் கவலைதான், பல பாடிகள் வருஷக்கணக்கில் இருக்கின்றன. பிறகு சேனலை வெட்டி எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் கீழே இல்லை. தூண்கள் தம் இஷ்டத்துக்கு விலகலாம், நெருங்கலாம், பக்கவாட்டில் சாயலாம். சில மில்லிமீட்டர் போதும். கண்ணுக்குத் தெரியாது.

“நாங்கள் பிரேஸ் கொடுக்கிறோம்” என்பார்கள். கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து தூண்களைப் பிணைப்பதைச் சொல்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பிரேஸ் வடிவத்தைத் திருத்தாது, இருக்கிற வடிவத்தை உறைய வைக்கும். சேனல் அழுகிப் பாடி ஏற்கெனவே நடுவில் தொய்ந்திருந்தால், தொய்வும் சேர்ந்து உறைகிறது. அந்தத் தொய்ந்த வாசலுக்குள் புதுச் சேனலை அளவு பார்த்துப் பொருத்துகிறார்கள். போலிப் பாகமாக விற்கும் சேனல்களும் எப்போதும் பழைய அளவுக்கு அச்சாக இருப்பதில்லை. தவறுக்குத் தவறு சேர்ந்து, கச்சிதமாக வெல்டிங் ஆகி, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து முடிகிறது.

இப்படிப்பட்ட ஒரு காரைப் பூட்டும் நாளில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். தட்டு பவுடர் கோட்டிங் போட்டுக் கறுப்பாக மின்னியது. பாடி வெளிர்நீலம், டிங்கரிங் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இறக்கியதும் இடப்பக்க வரிசை சரியாகப் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது போல்ட்டிலிருந்து துளைகள் பிறை வடிவமாகத் தெரிந்தன, பாதி துளை, பாதி தகடு. வட்ட அரத்தை எடுத்துத் துளையை நீளவாக்கில் ராவினார்கள், போல்ட் இறங்கியது. பிறகு கதவு மாட்டினார்கள். மேல்மூலையில் கட்டைவிரல் நுழையும் இடைவெளி, கீழ்மூலை சேனலில் உரசி நீலப் பெயின்ட்டைச் சுரண்டியது. கீலை வளைத்தார்கள். கதவின் அடியில் மரக்கட்டை வைத்து மேலே அழுத்தினார்கள். கடைசியில் கதவு சாத்தியது, ஆனால் தோளால் இடித்துச் சாத்த வேண்டியிருந்தது. அந்தக் கார் பிறகு அடியில் கண்ணாடி விரித்துக் கண்காட்சியில் நின்றது. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் அருமையாகத்தான் இருந்தது.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ள முடியாது. முன்சீட்டு பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்முனை பாடியின் தூணில் பூட்டியிருக்கிறது, கொக்கி மாட்டும் முனை தட்டின் நடுக்குழாயில். மோதலில் உடம்பைப் பிடித்து நிறுத்தும் விசை, பாடியும் தட்டும் சேரும் இடத்தைக் கடந்துதான் போகிறது. ராவிப் பெரிதாக்கிய துளையும் அரைகுறையாகப் பிடித்த நட்டும் அந்த வழியில்தான் இருக்கின்றன. 1970 முதல் வந்த 1302, 1303 மாடல்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் வகை, ஸ்ட்ரட்டின் தலை பாடியில்தான் நிற்கிறது. பாடி தட்டின்மேல் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் முன்சக்கரங்களின் கோணமும் மாறும். அதற்குப் பிறகு எத்தனை முறை அலைன்மென்ட் பார்த்தாலும் குறை இருக்கும் இடம் அலைன்மென்ட்டில் இல்லை.

இதை யாராவது பார்த்துச் சொல்வார்களா? ஜெர்மனியில் சொல்வார்கள். முப்பது வயது தாண்டிய காருக்கு எச் என்ற எழுத்துள்ள எண்பலகை வேண்டுமென்றால் நிபுணர் ஒருவர் காரைப் பார்த்துச் சான்று தர வேண்டும், அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தரப் பரிசோதனையே கட்டாயம் இல்லை. பெருமாற்றம் எதுவும் செய்யவில்லை என்று உரிமையாளரே உறுதி சொன்னால் போதும், பழைய மாதிரியிலேயே புதுப் பாகம் போட்டால் அது பெருமாற்றத்தில் சேராது. ஜெர்மனியில் கட்டிய பீட்டில்கள் எல்லாமே இந்த விலக்குக்குள் வந்துவிட்டன. ஆக, ஒருவர் தன் கராஜில் பாடியைப் பிரித்து, சேனலை வெட்டி, மறுபடி பூட்டிச் சாலைக்குக் கொண்டுவரும் காரை, விரும்பிக் கொண்டுபோனால் ஒழிய வேறொருவர் கண் பார்ப்பதில்லை. அந்தச் சட்டம் நீடிக்கும்வரை, அழுகிய சேனலோடு வீட்டில் பாடியைத் தூக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பொழுதுபோக்குதானே என்று எனக்குச் சமாதானம் சொல்பவர்கள், அந்தக் காரின் பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. பழைய பட்டறை ஆட்கள் செய்யும் வரிசை எளிது. கார் தன் சக்கரங்களிலேயே சமதரையில் நிற்கட்டும். கதவுகள் மாட்டியபடி இருக்கட்டும், அவைதான் அளவுகோல். ஒரு பக்கச் சேனலை மட்டும் வெட்டுங்கள், மறுபக்கம் பாடியைப் பிடித்திருக்கும். புதுச் சேனலை முதலில் தட்டோடு போல்ட் போட்டு நிறுத்துங்கள், துளைகள் அங்கேயே ஒத்துப்போகும். ஆங்காங்கே பொட்டு வெல்டிங் வைத்து, கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள், இடுக்கு சரியாக வரும்வரை நகர்த்துங்கள், அதற்குப் பிறகே முழு வெல்டிங். அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் முடிந்து கதவுகள் ஒரு விரலால் தள்ளச் சாத்திக்கொள்கிற நாளில் அந்தப் பாடி மறுபடி தன்னைத் தானே தாங்கும் பாடி. தட்டு அழுகியிருந்தால் அன்று தாராளமாகத் தூக்குங்கள். பல கார்களில் அதுவும் தேவைப்படாது. போல்ட்டுகளை எடுத்து நாலு விரற்கடை உயர்த்தினாலே தட்டின் ஓரத்துக்கும் ரப்பர் பட்டைக்கும் கை போகும்.

இந்த வரிசையில் நேரம் கூடும், ஒளிப்படம் அழகாக வராது. வெற்றுத் தட்டு ஒருபுறமும் அந்தரத்தில் பாடி மறுபுறமுமாக எடுத்த படத்துக்கு இருக்கும் மதிப்பு, துருப்பிடித்த காருக்குள் ஒற்றைச் சேனல் பளிச்சிடும் படத்துக்குக் கிடைக்காது. பரிசு தருகிறவர்கள் இதை மாற்றலாம். கண்ணாடியில் அடிவயிற்றைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சேனல் மாற்றியபோது பாடி எதன்மேல் நின்றது என்று கேட்கட்டும். கதவுகளோடு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லை என்றால் ரப்பர் பட்டையின் ஓரமாகப் போல்ட் துளைகளில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும், அரம் ஓடிய தடம் பெயின்ட்டுக்குக் கீழேயும் தெரியும்.