உலோகமா, உடலின் சிரையா?

கிருமித்தொற்றால் பெருந்தமனியின் சுவர் நைந்து புடைத்தால் அது எந்நேரமும் வெடிக்கலாம். அந்த நோயாளிக்கு நிக்கல் ஒவ்வாமையும் இருந்தால், ‘நிக்கல் கலந்த உலோக ஸ்டென்ட்டே வேண்டாம், திறந்து அறுவை செய்துவிடுவோம்’ என்று முடிவெடுப்பது இயல்பு. அந்த முடிவு எல்லா வேளையிலும் சரியா?

திறந்த அறுவையின் பலம் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. அழுகிய சுவரையும் சுற்றியுள்ள சீழையும் அகற்றிவிட்டு, நோயாளியின் தொடைச் சிரையையோ பதப்படுத்திய மாட்டு இதய உறையையோ குழாயாக்கித் தைக்கிறார்கள். கிருமி ஒட்டி வாழச் செயற்கைத் துணிக்குழாயும் இல்லை, ஒவ்வாமையைக் கிளப்ப நிக்கலும் இல்லை. ஆனால் விலை அதிகம். சிரையை எடுக்கவே சில மணி நேரம் கூடும், கால் வீங்கலாம். பெருந்தமனியை இடுக்கியிட்டு அடைப்பதை, ஏற்கெனவே காய்ச்சலில் துவண்ட முதியவரின் இதயமும் சிறுநீரகமும் தாங்க வேண்டும்.

மாற்று வழி, 1990இல் அர்ஜென்டினாவில் அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி தொடங்கி வைத்தது: தொடை இடுக்குத் தமனி வழியே, உலோகச் சட்டகமுள்ள துணிக்குழாயான ஸ்டென்ட் கிராஃப்டைச் செலுத்தி, வீக்கத்தை உள்ளிருந்தே மூடுவது. தொற்றுள்ள வயிற்றுப் பெருந்தமனி வீக்கங்களைப் பற்றி 2016இல் வெளியான, ஸ்வீடனின் நாடு தழுவிய ஆய்வில் நோயாளிகள் 132 பேர். மூன்று மாதத்தில் உயிருடன் இருந்தவர்கள் ஸ்டென்ட் முறையில் 96 விழுக்காடு, திறந்த அறுவையில் 74. தொற்றுச் சிக்கல்களும் பின்னாளில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. எனினும் இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல. யாருக்கு எது என்பதை மருத்துவர்களே தேர்ந்தனர்.

ஸ்டென்ட் முறையின் குறை வேறு. சீழ் உள்ளேயே தங்குகிறது. ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தர வேண்டும். பல ஸ்டென்ட்களின் சட்டகமான நிட்டினாலில் எடைக்கணக்கில் பாதிக்கும் மேல் நிக்கல். மேற்பரப்பில் படியும் டைட்டானியம் ஆக்சைடு அதன் கசிவைப் பெரிதும் தடுக்கிறது. தோலில் அரிப்பு உண்டாக்கும் நிக்கல், ரத்தக்குழாய்க்குள்ளும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்று மெலிது. ஒவ்வாமையை அறியச் செய்யும் பேட்ச் டெஸ்ட் சொல்வதும் தோலின் பதிலைத்தான். அதற்கும் சில நாள் காத்திருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து குழப்பத்தில் இருக்கிறது. ஸ்டென்ட் பொருத்தியபின் வரும் காய்ச்சல் தொற்றின் எச்சமா, பொருத்தியதற்கு உடல் காட்டும் வழக்கமான அழற்சியா, அரிதான ஒவ்வாமையா? ஒவ்வாமை என்று ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று கொழுக்கும். ஸ்டென்ட்டை எடுப்பதோ முதல் அறுவையைவிடக் கடினம்.

ஆகவே ஒவ்வாமையைத் தராசின் ஒரு தட்டில் வைக்கலாம். தராசாகவே ஆக்கக் கூடாது. உடல் தாங்கும் நோயாளிக்கு, அவகாசமும் இருந்தால், திறந்த அறுவையே முதல் தேர்வு. தொற்றை வேரோடு அகற்றுவதே அதற்கு முதல் காரணம், ஒவ்வாமை துணைக் காரணம் மட்டுமே. குருதி கசியும் முதியவருக்கு, தோடு போட்டதும் காது அரித்தது என்ற பழைய குறிப்பைக் காட்டி ஸ்டென்ட்டை மறுப்பது, இல்லாமலும் போகக்கூடிய கேட்டுக்கு அஞ்சிக் கண்முன் நிற்கும் மரணத்தை ஏற்பதாகும்.