மெய்நிகர் நகரங்களும் இஸ்னாத் மரபும்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கல் தொலைவில் பொற்பனைக்கோட்டை உள்ளது. சங்க காலத்தைச் சேர்ந்ததெனக் கருதப்படும் இக்கோட்டையின் மதில் இன்று மண்மேடாகவே எஞ்சியிருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று இப்பகுதியில் முன்னரே கண்டெடுக்கப்பட்டது. பின்னர் 2023இலும் 2024இலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல் கட்டுமானத்தின் எச்சம், சூதுபவள மணி, எலும்புக் கருவி, சிறு பொன் அணி முதலியன வெளிப்பட்டன. இவற்றைக் கண்டவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: இம்மதில் நிமிர்ந்து நின்ற நாளில் இவ்வூர் எப்படி இருந்திருக்கும்?

இக்கேள்விக்கு விடை தர இன்று முன்வந்திருப்பது மெய்நிகர்த் தொழில்நுட்பம். கண்களை மறைக்கும் கருவியொன்றை அணிந்துகொண்டால் அழிந்த நகரின் தெருவில் நாமே நடப்பதாக உணரலாம். தலையைத் திருப்பும் திசையிலெல்லாம் நகரம் விரியும். இதனை வேடிக்கையென்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. நூலில் 'கோட்டை' என்று படித்துக் கடந்து செல்பவர், அதைக் கணினியில் எழுப்ப முற்படும்போதுதான் வாயில் எத்திசையில் இருந்தது, மழைநீர் எவ்வழியே வடிந்தது, கூரையை எது தாங்கிற்று என்றெல்லாம் வினவ வேண்டியவராகிறார். இவ்வகையில் இது ஆய்வுக்கே துணை செய்வது.

எனினும், 'மீட்டுருவாக்கம்' என்ற ஒரே பெயரால் இரு வேறு செயல்கள் வழங்கி வருவதை நாம் கவனிக்க வேண்டும். பாரிஸிலுள்ள அரபுலக நிறுவனம் 2018 அக்டோபரில் தொடங்கிய கண்காட்சியொன்று மவ்ஸில் (மோசூல்), ஹலப் (அலெப்போ), தத்முர் (பல்மைரா) ஆகிய நகரங்களை மெய்நிகராக்கிக் காட்டிற்று. போரால் சிதைந்த இந்நகரங்களுக்குப் பழைய நிழற்படங்கள் இருந்தன. வானிலிருந்து எடுத்த புதிய படங்களும் இருந்தன. அங்கே வாழ்ந்த மக்களும் இருந்தார்கள். 2017 ஜூனில் தகர்க்கப்பட்ட மவ்ஸிலின் நூரி பள்ளிவாசல், யுனெஸ்கோவின் முயற்சியால் மீண்டும் எழுப்பப்பட்டு 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் சாய்ந்த மினாராவை நேரில் பார்த்தவர்கள் இன்றும் உயிருடன் உள்ளனர். இங்கு நடப்பது பதிவு.

இரண்டாவது செயல் வேறு. கி.பி. 320ஆம் ஆண்டின் உரோம் நகரைக் கணினியில் எழுப்பிய 'மீண்டும் பிறந்த உரோம்' என்னும் திட்டம் 2007இல் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 7000 கட்டடங்கள் இடம்பெற்றன. அவற்றுள் தனித்தனியே நுணுக்கமாக ஆராய்ந்து வரையப்பட்டவை முப்பதை ஒட்டியவையே. ஏனையவை, இவ்வகை வீடு இத்தனை இருந்தது என்ற பழம் பட்டியல்களையும் முந்தைய மாதிரியொன்றையும் கொண்டு நிரப்பப்பட்டவை. இவ்விரு வகையையும் அதனை உருவாக்கியவர்களே வேறுபடுத்திக் கூறினார்கள். அது அவர்களின் நேர்மை. ஆனால் காட்சிக்குள் நுழைபவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெயிலில், ஒரே உறுதியோடு நிற்கின்றன.

நம் மண்ணிலும் இதற்கு அண்மைச் சான்று உண்டு. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரு மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து 2025இல் இரு ஆண்களின் முகங்களை உருவாக்கின. முகத்தின் அமைப்பை எலும்பு சொல்லும். தோலின் நிறத்தையும் மயிரின் அடர்த்தியையும் பார்வையின் சாயலையும் அது சொல்லாது. அவ்விடத்தைக் கலைஞரின் மதிப்பீடு நிரப்புகிறது. நாம் நினைவில் கொள்வதோ முழு முகத்தை.

ஹதீஸ் கலையில் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. ஒரு செய்தி நம்மை வந்தடையும்போது, அது யாரிடமிருந்து, எவர் வழியே வந்தது என்னும் இஸ்னாதை நம் முன்னோர் முதலில் கேட்டார்கள். அத்துடன் அமையாமல், ஐயத்தைச் சொல்லுவதற்கென்றே ஒரு மொழியையும் வகுத்தார்கள். உறுதியானதைக் 'கால' (கூறினார்) என்பார்கள். உறுதியற்றதைக் 'கீல' (கூறப்படுகிறது), 'ருவிய' (அறிவிக்கப்படுகிறது) என்பார்கள். பலவீனமான செய்தியை உறுதிச் சொல்லால் அறிவிக்கலாகாது என்பதை இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643) தம் நூலில் விதியாகவே வைத்தார். ஒரு வினைச்சொல்லின் வடிவத்திலேயே செய்தியின் தரத்தை உணர்த்திய மரபு இது.

மெய்நிகர்க் காட்சியில் 'கீல' இல்லை. நம் திறனாய்வின் மையம் இதுவே. 'அவ்வூரில் ஒரு பள்ளிவாசல் இருந்தது' என்று எழுதிய ஆசிரியர் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். காட்சியை அமைப்பவர் நிறுத்த இயலாது. அவருக்குக் கூரை வேண்டும், தூண் வேண்டும், சுவருக்கு நிறம் வேண்டும். தெரியாததையும் தெரிந்ததைப் போலவே அவர் வரைந்தாக வேண்டியிருக்கிறது.

இதனால் நமக்கு நேரும் இழப்பு யாது? ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் மஅபர் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்னும் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். கடலில் பெருமரங்களை ஊன்றி எழுப்பிய மண்டபத்தையும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் அவர் கண்டார். அந்த ஃபத்தன் எது என்பதிலேயே ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெரியபட்டினம் என்பாரும் தேவிபட்டினம் என்பாரும் உளர். 'ரிஹ்லா'வோ பயணி தாயகம் திரும்பியபின் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸைய் எழுதியது.

இப்பகுதியைப் பாடம் நடத்திய நாளில் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, "ஹஜ்ரத், ஃபத்தன் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார். பழைய முஸ்லிம் துறைமுகம் என்ற பெயரில் அதில் பெருங்குவிமாடங்களும் பேரீச்ச மரங்களும் ஒட்டகங்களும் இருந்தன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய கற்பள்ளிகளில் நாம் காண்பது தூண் வரிசையும் தட்டைக் கூரையும். இம்மண்ணின் தச்சர் கைவண்ணம். மெஹர்தாத் ஷகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் இத்தகைய பள்ளிகளின் அளவைப் படங்கள் உள்ளன. அவற்றைத் தேடிப் பாராமல், ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கும் கணினி உருவங்களை எடுத்து அடுக்கினால், இக்கடற்கரையிலேயே வேரூன்றி வாழ்ந்த ஒரு சமூகம் எங்கிருந்தோ வந்திறங்கியதாகக் காட்சியளிக்கும். சொல்லால் பரவும் தவறான வரலாற்றை மறுக்கலாம். கண்ணால் 'கண்ட' தவறை மறுப்பது எளிதன்று.

இக்குறையை மேலை அறிஞரும் உணர்ந்தே 2006இல் இலண்டன் சாசனத்தை வகுத்தனர், 2009இல் திருத்தினர். காட்சியில் எது சான்று, எது ஊகம், எந்த முடிவு எக்காரணத்தால் எடுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்து பார்ப்பவர்க்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதனைக் கட்டடத்துக்கு இஸ்னாத் கேட்பதாகவே நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆகவே பொற்பனைக்கோட்டையோ பெரியபட்டினமோ நாளை மெய்நிகராக எழும்போது, நாம் கேட்க வேண்டியவை சில. அகழ்ந்து கண்ட செங்கல்லும் ஊகித்து வைத்த செங்கல்லும் நிறத்தால் வேறுபடட்டும். ஒரு சுவரைச் சுட்டினால் அதன் சான்று தெரியட்டும். கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் இரு வடிவங்களும் காட்டப்படட்டும். எதுவும் தெரியாத இடம் வெற்றிடமாகவே விடப்படட்டும். அரபுப் பயண நூல்களைப் படிக்க வல்ல நம் கல்லூரிகளும் இப்பணியில் தம் பங்கைச் செலுத்த வேண்டும். பிறர் தவறாக வரைந்தபின் வருந்துவதில் பயனில்லை.

நம் முன்னோர் தம் ஆய்வின் முடிவில் 'வல்லாஹு அஃலம்' என்று எழுதினார்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்பது அதன் பொருள். தம் அறிவின் எல்லை எங்கே முடிகிறதென்பதைப் படிப்பவர்க்குக் காட்டிய சொல் அது. அன்று அம்மாணவருக்கு, ஃபத்தனில் கல்லால் ஆன பள்ளிவாசல் இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம். அதன் வடிவத்தைப் பற்றி அவர் மேலும் கேட்டபோது, நம்மிடம் இருந்த விடையும் இதுவே: வல்லாஹு அஃலம்.