அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’: குலப்பெயரும் உடைமைப்பெயரும்

1976 ஆம் ஆண்டில் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ வெறும் நாவலாகவன்றி, ஒரு குடும்பத்தின் மெய்வரலாறாகவும் வாசகர்முன் வைக்கப்பட்டது. கம்பியா நாட்டின் ஜுபூரேக் கிராமத்தைச் சேர்ந்த குன்ரா கின்ரே, ‘லோர்ட் லிகோனியர்’ என்னுங் கப்பலில் 1767 இல் அனப்பொலிஸ் துறைக்குக் கொண்டுவரப்பட்டு, வேர்ஜினியாவில் வோலர் குடும்பத்தின் அடிமையானான். அவனே தமது தாய்வழி மூதாதை என்பது ஹேலியின் கூற்று.

நாவலின் உயிர்நிலை பெயர் பற்றிய போராட்டத்திலேயே அமைந்துள்ளது. எசமானர் இட்ட ‘ரோபி’ என்னும் பெயரை மனத்தளவில் ஏற்க மறுக்கும் குன்ரா, தன் மகள் கிசிக்குத் தன் மொழிச் சொற்கள் சிலவற்றையே முதுசமாக விட்டுச்செல்கிறான். ஆனால் கிசியின் மகன் ஜோர்ஜ் லீ எனவும், அவன் மகன் தொம் மறே எனவும் வழங்கப்படுகின்றனர். லீ என்பது கிசியை வன்புணர்ந்த எசமானின் பெயர். மறே என்பது பின்னர் அக்குடும்பத்தை வாங்கியவனின் பெயர். ஆகவே, குலப்பெயரைப் பற்றிப் பின்னோக்கிச் செல்பவர் பல வேளைகளில் முன்னோரையன்றி, அவரை விலைக்கு வாங்கியவரின் கணக்கேட்டையே சென்றடைகிறார். 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில், உடைமையாளரின் பெயரின்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியனவே பெரும்பாலும் பதியப்பட்டன. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயருடன் இடம்பெற்றது 1870 இலேயே.

இத்தகைய வெற்றிடத்தில் வாய்மொழி மரபை ஹேலி நாடியதிற் பிழையில்லை. ஆயின், அம்மரபுக்கு ஆவணச் சான்று உண்டென்று அவரே கூறியமையால், ஆவணங்கொண்டு அதனைச் சோதிப்பதும் முறையே. 1981 இல் கரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வோலர் குடும்பத்தின் ரோபி 1762 இலேயே வேர்ஜினியாவில் இருந்தமையைக் காட்டிற்று. கப்பல் வந்ததோ ஐந்தாண்டுகள் கழித்து! அதே ஆண்டில் டொனால்ட் றைற் என்னும் வரலாற்றாசிரியர், ஜுபூரேயில் ஹேலிக்குக் கதை கூறியவரின் சாட்சியத்தையும் ஐயத்துக்குரியதாக்கினார். ஹறல்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து சில பகுதிகள் எடுத்தாளப்பட்டமை தொடர்பான வழக்கு 1978 இல் இணக்கமாக முடிந்தமை தனிக்கதை.

இவற்றுள் மிகவும் உறுத்துவது ரோபியின் நிலையே. அவன் ஏட்டிலே பெயர் உள்ள ஒரு மனிதன். தனக்கென ஒரு வாழ்வு உடையவன். குன்ராவின் கதை அவன்மீது ஏற்றப்பட்டபோது அவன் மீண்டுமொருமுறை பெயர் மாற்றப்பட்டான். நூலைப் புனைவென்றே ஹேலி வெளியிட்டிருப்பின் குன்ராவின் துயரம் கடுகளவும் குறைந்திராது; ரோபியும் ரோபியாகவே இருந்திருப்பான்.