பாடத் தெரியாதவரும் சபைப் பாடலும்: வெஸ்லி, போன்ஹோஃபர் ஆகியோரின் அறிவுரைகள் பற்றி ஒரு மதிப்பீடு

சபைப் பாடலைக் குறித்து இறையியலார் எழுதியவை பெரும்பாலும் பாடத் தெரிந்தவர்களையே மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வயது வந்தபின் முதன்முறையாகப் பாடக் கற்க முனைபவர் அவற்றில் தமக்கென ஒரு சொல்லைக் காண்பது அரிது. இதற்கு விலக்காக இரு சிறு பகுதிகளைக் குறிப்பிடலாம். ஒன்று, ஜான் வெஸ்லி 1761இல் தம் பாடல் தொகுப்புடன் சேர்த்து வெளியிட்ட பாடுதல் பற்றிய அறிவுரைகள். மற்றொன்று, டீட்ரிச் போன்ஹோஃபர் 1939இல் வெளியிட்ட, கூடி வாழ்தலைப் பற்றிய நூலில் ஒரே குரலாய்ப் பாடுதலைக் குறித்த சில பக்கங்கள்.

வெஸ்லியின் அறிவுரையில் தப்பிச் செல்ல வழியே இல்லை. எல்லாரும் பாட வேண்டும். சோர்வும் பலவீனமும் தடையாகலாகாது. பாடுவது ஒருவருக்குச் சிலுவையாகத் தோன்றுமாயின் அச்சிலுவையை எடுத்துக்கொள்ளட்டும், ஆசி காண்பார் என்கிறார். பெலத்தோடு பாடு என்றவர், கத்தாதே என்றும் கூறத் தவறவில்லை. பாடல் இழுபட்டு மெதுவாவது சோம்பலின் விளைவு என்று அவர் கடிந்துகொள்வதைப் படிக்கையில், நம் சபைகளில் பாமாலைகள் படும்பாட்டை அறிந்தோர் புன்னகை செய்யாதிருக்க இயலாது. ஆயினும் அவர் மனத்தை ஏவுகிறாரேயன்றிக் குரலுக்கு வழி காட்டவில்லை. அச்சிட்ட இசைக்குறிப்பின்படியே பாடுக என்கிறார். நம் கீர்த்தனைப் புத்தகங்களிலோ பெரும்பாலும் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் மட்டுமே உண்டு. மெட்டு செவிவழியே வந்தாக வேண்டும்.

போன்ஹோஃபர் இன்னும் நுட்பமாக நோக்குகிறார். தன் குரலைக் காட்ட முழங்குபவர், ஒருமித்த குரலுக்குக் கீழே தம் விருப்பம்போல் இன்னொரு சுரத்தைச் சேர்ப்பவர், மனத்தாங்கலால் வாய் திறவாதவர் ஆகியோரை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்துகிறார். உண்மையிலேயே பாட இயலாதவர், சொல்லப்படுவதைவிட மிக அரிதாகவே உள்ளனர் என்று அவர் கருதுவது, நாம் அறிந்தவரை, ஒரு தொடக்க மாணவனுக்கு இறையியலார் எவரும் கூறியவற்றுள் மிக ஆறுதலான சொல். ஆனால் அப்படிக் கூறியவர் தேர்ந்த பியானோ கலைஞர். 1935 முதல் 1937இல் இரகசியப் போலீசார் மூடும்வரை அவர் நடத்திய பின்கென்வால்ட் குருத்துவக் கல்லூரியின் மாணவர்களும் சபைப் பாடலோடு வளர்ந்தவர்களாகவே இருந்திருப்பர். பாட இயலாதவர் அரிது என்றபின், பாட இயலாதவராய்த் தோன்றுபவரை என்செய்வது என்பதை அவர் நமக்கே விட்டுவிடுகிறார்.

இக்குறை நமக்கு ஏட்டளவில் தோன்றியதன்று. நாம் மாணவராயிருந்த காலத்தில், பாடற்குழுவில் நின்றால் வாயை அசைப்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி நமக்குக் கூறப்பட்டது. அவ்வாறே பல ஆண்டுகள் வாயை அசைத்தோம். உள்ளத்தில் பாடினால் போதும் என்று கொலோசெயர் 3:16ஐத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். அவ்வசனம் ஒருவருக்கொருவர் போதிப்பதையும் அதே மூச்சில் சொல்லுகிறது என்பதை வசதியாக மறந்தோம். ஊழியத்தின் முதலாண்டில் ஒரு கிராமத்தில் அடக்க ஆராதனை. உபதேசியார் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பாட்டை நாமே எடுக்க வேண்டியதாயிற்று. பல்லவி ஒருவாறு நின்றது. அனுபல்லவி மேல் ஸ்தாயிக்கு ஏறியவுடன் குரல் அறுந்துபோயிற்று. இறந்தவரின் மூத்த சகோதரி அழுகையினூடே தாழ்ந்த சுருதியில் பாட்டை மறுபடியும் எடுத்தார். சபை அவர் பின்னே சென்றது.

அன்று நேர்ந்த பிழை தொண்டையைச் சார்ந்ததன்று. பாட்டு எவ்வளவு உயரம் ஏறும் என்று பாராமல் தொடங்கியதே காரணம். வெஸ்லி இதைச் சொல்லவில்லை, போன்ஹோஃபரும் சொல்லவில்லை. சரளி வரிசை கற்பிக்கும் எந்த ஆசிரியரும் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் அப்பாடமுறையில் மாணவன் முதலில் தன் குரலுக்கேற்ற ஆதார ஷட்ஜத்தைக் கண்டு, அதில் நிற்கப் பழகுகிறான். பின்னரே மாயாமாளவகௌளையின் சுரங்கள். அவ்விராகத்தில் ச முதல் ம வரையுள்ள இடைவெளிகளே ப முதல் மேல் ச வரை திரும்ப வருவதால், கீழ்ப்பாதியைக் கற்றவனுக்கு மேற்பாதி முற்றிலும் புதிதன்று. இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்ற சபைப் போதகர், சாரா குளோவர் அம்மையாரின் முறையைத் தழுவிப் பரப்பிய டானிக் சோல்ஃபாவிலும் அடிச்சுரம் பாட்டுக்கேற்ப இடம் மாறும். இரண்டும் செவியை நம்புகின்றன. ஆர்மோனியக் கட்டையைப் பற்றிக்கொண்டே பாடக் கற்கும் நம் மாணவர், கட்டை இல்லாத இடத்தில் ஊமையாவதற்கு இதில் விடை உண்டு.

நம் திருச்சபையைச் சேர்ந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், சுருதி ஆராய்ச்சிக்கென்றே 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டார். அவர் பெயர் நம் மாணவருக்குத் தெரியும், சுருதி தெரியாது. அருளுரைப் பயிற்சிக்கு மணி ஒதுக்கும் பாடத்திட்டம் குரலுக்கு ஒதுக்குவதில்லை.

போன்ஹோஃபரின் ஒரே குரல், வெஸ்லி விதித்த பாடல் நெறியைவிட நம் கீர்த்தனைக்கு அண்மையானது என்பதே நம் தீர்ப்பு. கீர்த்தனை இயல்பிலேயே ஒருகுரற் பாடல். எனினும் தொடக்க மாணவனிடம் முதலில் கொடுக்கத்தக்கது வெஸ்லியின் பக்கமே. அவர் ஒருவரையும் விட்டுவிடுவதில்லை. ஒரு தம்பூராவையும் சேர்த்துக் கொடுத்தால் நலம். நாம் ஐம்பதைக் கடந்தபின் சரளி தொடங்கினோம். ஷட்ஜத்தில் அசையாமல் நிற்கவே மூன்று வாரங்கள் ஆயின.